அதிவேக ரயில்: தாமதம் தொடங்கும் இடம்

புதிதாக அமைக்கப்பட்ட தனித்தடத்தில் மணிக்கு 250 கிலோமீட்டரோ அதற்கு மேலோ விரைந்து ஓடுவதே அதிவேக ரயில் எனப்படுகிறது. இத்தகைய தடங்களை அமைக்கும் பணி பல நாடுகளில் குறித்த நாளைத் தாண்டியும் மதிப்பிட்ட செலவை மீறியும் போவதால், அதன் காரணங்களைப் பற்றிச் சில நம்பிக்கைகள் வேரூன்றிவிட்டன.

நம்பிக்கை: தொழில்நுட்பம் கடினமானது, அதனால்தான் பணி தாமதமாகிறது.

உண்மை: மும்பை–அகமதாபாத் தடத்தின் வரலாறு இதற்கு நேர்மாறானதைக் காட்டுகிறது. 508 கிலோமீட்டர் நீளமுள்ள இத்தடத்துக்கு 2017 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டபோது, 2022 ஆகஸ்ட் 15-க்குள் ரயிலை ஓட்டிவிட வேண்டும் என்ற இலக்கும் பேசப்பட்டது. தூண்களின் மேல் வைக்கப்படும் 40 மீட்டர் நீளமான உத்திரம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 970 டன் எடை கொண்டது. அதை ஒரே துண்டாகத் தூக்கிப் பொருத்தும் இயந்திரங்களை இந்தியாவிலேயே, காஞ்சிபுரத்து ஆலையில், செய்ய முடிந்தது. முடியாமல் கிடந்தது நிலம். சாதாரண ரயில்பாதை ஒரு தோப்பையோ ஊரையோ சுற்றி வளைந்து போகலாம். மணிக்கு 320 கிலோமீட்டர் வேகத்துக்கான தடத்தில் வளைவின் ஆரம் பல ஆயிரம் மீட்டராக இருக்க வேண்டும் என்பதால், வழியில் நிற்கும் ஒரு வயலுக்காகக்கூடப் பாதையை எளிதில் விலக்க இயலாது, இடையில் ஒரு கிலோமீட்டர் விடுபட்டாலும் தடத்தின் முழு நீளத்துக்கும் ரயிலை ஓட்ட முடியாது.

பால்கர் மாவட்டத்துப் பழங்குடி உழவர்களும் கிராம சபைகளும் தங்கள் நிலத்தைக் கேட்ட முறையையே எதிர்த்தனர். குஜராத்தில் இழப்பீட்டுத் தொகை பற்றிய வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. அலையாத்திக் காட்டின் ஏறத்தாழ 20,000 மரங்களை அகற்றுவதற்கு மும்பை உயர் நீதிமன்றத்தின் அனுமதி 2022 டிசம்பரில்தான் கிடைத்தது. குஜராத்தில் 237 கிலோமீட்டருக்கான பெரும் ஒப்பந்தம் 2020-இல் கையெழுத்தாகியிருக்க, மும்பை நிலையத்துக்கும், கடலடியில் 7 கிலோமீட்டர் செல்லும் 21 கிலோமீட்டர் சுரங்கத்துக்கும் உரிய ஒப்பந்தங்கள் 2023-இல்தான் முடிவாயின. அதாவது, பணி முடிய வேண்டிய நாள் கடந்த பிறகே அப்பகுதியில் பணி தொடங்கியது. முழு நிலமும் கைக்கு வந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது 2024 ஜனவரியில். இத்தாமதத்துக்கு உழவரைக் குறை கூறுவது நியாயமாகாது. நிலத்தைப் பெறுவதற்கு முன்பே நாளைக் குறித்ததே பிழை.

நம்பிக்கை: வேலையை முன்கூட்டித் தொடங்கினால் முன்கூட்டி முடியும்.

உண்மை: கலிஃபோர்னியாவில் 2008-இல் வாக்காளர்கள் அதிவேக ரயிலுக்கான கடன்பத்திரங்களுக்கு ஒப்புதல் அளித்தபோது, சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் பகுதி வரையிலான முதல் கட்டத்துக்கு 3,300 கோடி டாலர் செலவாகும் என்றும் 2020-இல் ரயில் ஓடும் என்றும் சொல்லப்பட்டது. நடுவண் அரசு அளித்த ஊக்க நிதியை 2017-க்குள் செலவிட்டாக வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததால், தேவையான நிலத்தை வாங்கி முடிக்காமலும், குழாய்களையும் மின்தடங்களையும் இடம் மாற்றுவது பற்றி அவற்றின் உரிமையாளர்களோடு உடன்பாடு காணாமலும் கட்டுமானத்துக்கு ஒப்பந்தம் விடப்பட்டது. வேலையிடம் கிடைக்காமல் காத்திருந்த ஒப்பந்ததாரருக்குக் காத்திருப்புக்கும் பணம் தர வேண்டியதாயிற்று. மாநிலத் தணிக்கையாளர் 2018-இல் வெளியிட்ட அறிக்கை இந்த அவசரத்தையே செலவு பெருகியதற்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டியது. 2024-ஆம் ஆண்டுத் திட்ட அறிக்கையில் அதே முதல் கட்டத்தின் மதிப்பீடு 8,900 கோடி முதல் 12,800 கோடி டாலர் வரை இருந்தது.

நம்பிக்கை: ஜப்பானியர் குறித்த செலவிலேயே கட்டி முடித்தார்கள்.

உண்மை: 1959-இல் தொடங்கி 1964 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்ட தோக்கியோ–ஒசாகா தடத்துக்கு முதலில் போட்ட கணக்கு ஏறத்தாழ 20,000 கோடி யென், ஆன செலவு 38,000 கோடி யென். தேசிய ரயில்வேயின் தலைவர் சோகோ ஷின்ஜி, திட்டம் நிராகரிக்கப்படக் கூடாது என்பதற்காக மதிப்பீட்டைக் குறைத்துக் காட்டினார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. திறப்பு விழா நாளில் அவர் பதவியில் இல்லை. கட்டுமானம் ஐந்தரை ஆண்டுகளில் முடிந்தது உண்மைதான். ஆனால் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே இதே வழித்தடத்துக்காக நிலத்தின் ஒரு பகுதி வாங்கப்பட்டு, சில சுரங்கங்களின் வேலையும் தொடங்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்தே அந்த வேகத்தை அளக்க வேண்டும்.

செலவைக் குறைத்து மதிப்பிடும் இக்குறை ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பென்ட் ஃப்ளூபியரும் உடனாய்வாளர்களும் 258 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட கட்டுரை, ரயில் திட்டங்களின் செலவு மதிப்பீட்டைவிடச் சராசரியாக 45 விழுக்காடு மிகுந்ததாகக் கண்டது. தற்செயலாக நேர்ந்த தவறு என்றால் சில மதிப்பீடுகள் கூடியும் சில குறைந்தும் இருந்திருக்கும். பத்தில் ஒன்பது குறைவாகவே இருந்தன.

நம்பிக்கை: மும்பை–அகமதாபாத் தடத்துக்கு 0.1 விழுக்காட்டு வட்டிக்குக் கடன் கிடைத்திருப்பதால் தாமதத்தால் இழப்பில்லை.

உண்மை: வட்டி குறைவு என்பது சரியே. சிமெண்டு, எஃகு, கூலி ஆகியவற்றின் விலை அந்த வட்டியைப் பார்த்து ஏறுவதில்லை. யென்னில் வாங்கிய கடனை யென்னிலேயே திருப்ப வேண்டும் என்பதால் நாணய மதிப்பின் ஏற்ற இறக்கமும் கடன் பெற்றவர் பொறுப்பாகிறது.

சென்னை–பெங்களூரு–மைசூரு வழியும் அதிவேகத் தடத்துக்காக ஆராயப்படும் வழிகளுள் ஒன்று. அதற்கு ஒரு திறப்பு நாள் அறிவிக்கப்படும்போது, தேவைப்படும் நிலத்தில் எவ்வளவு அன்றைக்குக் கையில் இருக்கிறது என்ற கேள்வியைத் தமிழ் வாசகர்கள் முதலில் எழுப்ப வேண்டும்.