கடைசிச் சொட்டுப் பால்

“ஆச்சிக்கு நெஞ்சுல கபம் இழுக்கு, ஆளுக்கொரு சொட்டு பால் ஊத்துங்க.” தென்காசி, செங்கோட்டைப் பக்கம் பெரியவர் ஒருவர் படுத்துவிட்டால் இந்தப் பேச்சு எழாத வீடு குறைவு. பாசத்தில் குறையில்லை. ஆனால் அந்தப் பால் வயிற்றுக்குப் போகிறது என்று நினைப்பது தவறு. விழுங்கும் திறன் போனபின் வாயில் விடுவது மூச்சுக்குழாயில் இறங்கிப் புரையேறும். கபம் இழுப்பதாகச் சொல்லும் அந்தக் ‘கர்கர்’ சத்தமே விழுங்கவும் இருமவும் தெம்பில்லாமல் தொண்டையில் எச்சில் தேங்குவதால்தான். கேட்கிற நமக்குப் பதறுகிறது. அரைமயக்கத்தில் இருப்பவருக்குப் பெரும்பாலும் அது தெரிவதில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலையைச் சற்று உயர்த்தினால் சத்தம் தணியும். பால் விட்டே தீரணும் என்றால் பஞ்சை நனைத்து, பிழிந்து, உதட்டில் தடவுங்கள். சடங்கும் நிறைவேறும், காய்ந்த வாய்க்கும் இதம்.

“ஒண்ணுமே சாப்பிடல, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்” என்பது அடுத்தது. உறுப்புகள் ஓயும்போது பசியும் தாகமும் தாமே அடங்கிவிடும். ஏற்றிய நீர் பிரிய வழியில்லாமல் கால் வீக்கமாகவும் நெஞ்சுச் சளியாகவும் சேரும்.

உயிர் எதிலோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று மண் கரைத்தும் காசு உரசியும் புகட்டுகிறார்களே, அதுவும் புரையேறத்தான் செய்யும். பக்கத்து விருதுநகர் வட்டாரத்தில் பேசப்படும் தலைக்கூத்தலைக் கருணை என்பாரும் உண்டு. எண்ணெய் முழுக்காட்டி இளநீர் புகட்டி ‘அனுப்பிவைப்பது’ கொலை, வேறு பெயரில்லை.

குற்றாலச் சாரல் அடிக்கும் ஆடி மாதத்தில் கைகால் சில்லிட்டால் குளிர் என்று வெந்நீர்ப் பை வைப்பார்கள். தோல் வெந்தாலும் அவரால் சொல்ல முடியாது. மெல்லிய போர்வை போதும். கைகாலுக்கு ரத்த ஓட்டம் குறைவதால் வரும் குளிர்ச்சி இது. கூடவே முழங்காலில் ஊதாத் திட்டுகள், சிறுநீர் குறைந்து அடர்நிறமாதல், மூச்சு நின்று நின்று வருதல் எல்லாம் சேர்ந்தால் இனி மணிக்கணக்கு, மிஞ்சினால் சில நாள். வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டிய நேரம்.

மார்ஃபின் கொடுத்தால் ஆள் போய்விடுவார் என்ற பயம் படித்தவர்களிடமும் இருக்கிறது. சரியான அளவில் அது வலியையும் மூச்சுத்திணறலையும் தணிக்கும், சாவை இழுத்துவராது. 2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தியதே அது நோயாளிக்கு எளிதில் கிடைக்கத்தான். மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் 2008-லேயே வலிதணிப்புச் சிகிச்சைக்குத் தனிக் கொள்கை வகுத்தது. இங்கே 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்தச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. முகச்சுளிப்பு, முனகல், ஓயாமல் புரளுதல் தெரிந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி ஆளை வரவழையுங்கள்.