சாவுகிராக்கி: ஒரு சொல்லின் பிறப்பு

(இளம் அறிவியல் வேதியியல், இரண்டாம் ஆண்டு)

கூட்டுப்பொருள் ஒன்று கிடைத்தால் அதைப் பகுத்து, அடங்கியுள்ள தனிமங்களைக் காண்பது வேதியியலார் வழக்கம். சொற்களையும் அவ்வாறு பகுக்கலாம் அன்றோ? இராயபுரம் முதல் எண்ணூர் வரை அன்றாடம் காதில் விழும் 'சாவுகிராக்கி' என்னும் வசைச்சொல்லைப் பகுத்துக் காண்போம்.

இதில் 'சாவு' தமிழ். 'கிராக்கி' வடக்கிலிருந்து வந்தது. வடமொழியில் 'கிராஹக' என்றால் பெறுபவன். அதுவே இந்தியில் 'காஹக்' என்றும், மராத்தியில் 'கிர்ஹாயிக்' என்றும் திரிந்து, பொருள் வாங்குபவரைக் குறிக்கிறது. வாங்குவோர் பெருகினால் விலை ஏறும். ஆகவே பொதுத்தமிழில் 'கிராக்கி' தேவை மிகுதியைச் சுட்டலாயிற்று. சென்னைத் தெருக்களிலோ பழைய பொருளே நிலைத்தது. 1973-இல் ஒழிக்கப்பட்ட கைரிக்ஷாவை இழுத்தவருக்கும், பிறகு சைக்கிள் ரிக்ஷா மிதித்தவருக்கும், ஏறி அமரும் ஆளே கிராக்கி.

எனவே, 'சாவுக்குக் கிராக்கி' என விரித்தால் பொருள் விளங்கும். கடை விரித்திருப்பவன் எமன். வாங்க வந்தவன் வண்டிக்குக் குறுக்கே ஓடியவன்!

இத்தகைய கலப்பு புதிதன்று. 1768-இல் ஆற்காட்டு நவாபின் அரண்மனை சேப்பாக்கத்தில் எழுந்தது. உருது நகரில் புழங்கிற்று. 'பேமானி' அவ்வழி வந்ததே. பாரசீகத்தில் 'பே' என்றால் இல்லாத. அரபியில் 'ஈமான்' என்றால் நம்பிக்கை. இரண்டும் சேர்ந்து நாணயமற்றவனைக் குறித்தன. பிறமொழிச் சொற்களுக்குத் திசைச்சொல், வடசொல் எனத் தொல்காப்பியரே இடம் வகுத்துள்ளார்.

துறைமுகத்தை நோக்கிப் பெட்டக லாரிகள் வரிசையாகச் செல்லும் எண்ணூர் விரைவுச் சாலையில் நின்று கேட்டால் இச்சொல்லின் மற்றொரு பக்கம் புரியும். சக்கரத்தருகே ஒருவன் புகுந்துவிட்டால் ஓட்டுநர் உயிர் பதறித்தான் அவ்வாறு கத்துகிறார். வசைக்குள் ஓர் எச்சரிக்கை இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என்னைப் போன்றோர் பலர், நேர்முகத் தேர்வுக்குச் செல்லும்போது வீட்டுப் பேச்சு வாயில் வந்துவிடுமோ என்று அஞ்சுகிறோம். இடத்துக்கேற்பப் பேசுவது தேவைதான். வசையைப் போற்ற வேண்டும் என்பதும் இல்லை. ஆனால், மூட்டை சுமந்தும் வண்டி இழுத்தும் நம்மைப் படிக்க வைத்தவர்களின் பேச்சைக் 'கொச்சை' என்று நாமே ஒதுக்கலாமா? பல மொழிகளைச் செரித்துத் தமக்கென ஒரு சொல்லை ஆக்கியவர்கள் அவர்கள். மாணவ நண்பர்களே, அடுத்த முறை இப்பேச்சைக் கேட்டால் நகைப்பதற்கு முன் பகுத்துப் பாருங்கள்!