பாண்டா இல்லாத ஜூ நெகாரா

"பாண்டாதான் போயிடுச்சே, இன்னும் அங்க என்ன இருக்கு?" ஜூ நெகாராவுக்குக் கிளம்புகிறோம் என்றதும் கிள்ளானில் எங்கள் தாமான்காரர்கள் இப்படித்தான் கேட்டார்கள். 2014இல் வந்த சிங் சிங், லியாங் லியாங் ஜோடி இங்கே மூன்று குட்டிகளைப் பெற்றுவிட்டு, 2025 மே மாதம் சீனாவுக்குத் திரும்பியிருந்தது. போனது நல்லதுதான் என்று எனக்குத் தோன்றியது. வந்தவர்கள் எல்லாம் குளிரூட்டிய பாண்டா கூடத்தில் பாதி நாளைக் கழித்துவிட்டு, நம் நாட்டு விலங்குகளை வீட்டுக்குப் போகும் அவசரத்தில்தான் பார்த்தார்கள்.

கிள்ளானிலிருந்து போகிறவர்கள் காரை வீட்டிலேயே விட்டுவிடலாம். கொமியூட்டரில் கேஎல் சென்ட்ரல், பிரிக்பீல்ட்ஸில் பசியாறல், பிறகு கிளானா ஜெயா தடத்தில் வங்சா மாஜு, அங்கிருந்து கிரேப். மதியத்துக்கும் பிரிக்பீல்ட்ஸிலேயே தப்பாவ் பண்ணிக்கொள்ளலாம் என்று என் மாமியாருக்கு ஆசை. வெயிலில் சாம்பார் என்ன ஆகும் என்று சொல்லித் தடுத்தேன். மைகார்டு மறக்கக் கூடாது. உள்நாட்டவருக்குக் கட்டணம் குறைவு.

திறப்பது காலை ஒன்பது மணிக்கு. அதற்குள் வாசலில் நிற்பதுதான் முக்கியம். 110 ஏக்கர் என்பது நடந்து பார்க்கும்போதுதான் புரியும். எல்லாவற்றையும் பார்த்தே தீருவது என்று கிளம்பினால் பிள்ளைகள் சிணுங்குவார்கள், பெரியவர்களுக்கு முட்டி வலிக்கும். நாங்கள் நாலைந்து விலங்குகளைப் போதும் என்று வைத்துக்கொண்டோம். முட்டி வலிக்காரர்களுக்கு டிராம் இருக்கிறது.

முதலில் மலாயாப் புலி. நாட்டுச் சின்னத்தில் இரண்டு நிற்கின்றன. காட்டிலோ 150க்கும் குறைவு என்று 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு சொன்னது. 1950களில் மூவாயிரம் வரை இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். அடுத்து தாப்பிர். முன்பக்கமும் பின்னங்கால்களும் கறுப்பு, நடுவுடல் வெள்ளை. குட்டிக்கு மட்டும் தர்பூசணிக்காய் போல வரியும் புள்ளியும். இரவில் நடமாடும் விலங்கு என்பதால் வெயில் ஏறினால் படுத்துவிடும். கிழக்குக்கரைப் பக்கம் சாலைகளில் அடிபட்டுச் சாகும் செய்தியாகத்தான் நம்மில் பலர் இதை அறிந்திருக்கிறோம்.

அதிக நேரம் நின்றது ஏரிக்கரையில். அங்கே மஞ்சள்மூக்கு நாரைகள் கூண்டில்லாமல் பறந்து, மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் கூடு கட்டும் அதே இனம். மார்பில் கறுப்புப் பட்டை, வால்பக்கம் ரோஸ் நிறம். இந்த நாட்டுச் சொந்தக்காரன் வேறொருவன்: பால்நிற நாரை. உடல் முழுக்க வெள்ளை, சிறகோரம் மட்டும் கறுப்பு. பேராக்கின் கோலகூலாக் கரையோரத்தில் அருகிவிட்ட இந்தப் பறவையை இங்கே வளர்த்து அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், இரண்டும் நெருங்கிய உறவு. சேர்ந்தால் கலப்புக் குஞ்சு பொரிக்கும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அப்படிப்பட்ட கலப்பு நாரைகளைப் பார்த்திருக்கிறார்கள். இது தொடர்ந்தால் தூய பால்நிற நாரை எஞ்சாது. ஒரு பூங்காவில் அழகாகப் பறக்கும் பறவையே பக்கத்து இனத்துக்கு ஆபத்தாக முடிகிறது. கூண்டில்லாவிட்டால் நல்லது என்று நினைத்திருந்த எனக்கு இது உறைத்தது.

"அம்மா, இதுக்கு லேசா ரோஸ் இருக்கு, பட்டை இல்ல. இது யாரு?" என்று சின்னவன் ஒன்றைக் காட்டினான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பைனாகுலர் ஒன்று கொண்டுபோங்கள். கேமராவை விட அதற்குத்தான் அங்கே வேலை.

மதியம் இரண்டுக்குள் கிளம்பிவிடுவது நல்லது. ஏப்ரல், அக்டோபர் வாக்கில் என்றால் இடியும் மழையும் பிற்பகலில்தான் வரும். பள்ளி விடுமுறைச் சனிக்கிழமையை நான் தவிர்ப்பேன்.

டிக்கெட் விலை கூடுதல் என்று முணுமுணுப்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும். 1963இல் துங்கு அப்துல் ரஹ்மான் திறந்துவைத்த இந்தப் பூங்காவை நடத்துவது அரசாங்கம் இல்லை, மலேசிய விலங்கியல் கழகம். வாசலில் நாம் கொடுக்கும் காசில்தான் பெரும்பாலும் தீனி. 2020இல் கோவிட்டால் கதவு மூடியபோது பொதுமக்களிடம் நன்கொடை கேட்க வேண்டி வந்தது. விலங்கைத் தத்தெடுக்கும் திட்டமும் உண்டு. வீட்டில் பேச்செடுத்தபோது மாமியார் உடனே சம்மதித்தார்: "பாம்பைத் தவிர எதை வேணும்னாலும் எடும்மா."