மீனாட்சியம்மன் செங்கோல்: பெறுதலும் திருப்பி அளித்தலும்

முன்னுரை

2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் செங்கோல் நிறுவப்பட்டபோது, மக்களாட்சிக்குச் சமய அதிகாரத்தின் ஏற்பு தேவையா என்ற வினா எழுந்தது. அவ்வினாவை அணுகுவதற்கு மதுரைச் சித்திரைத் திருவிழாவின் பட்டாபிடேகச் சடங்கு தக்க சான்றாகிறது. அம்மனின் செங்கோலைப் பெறுபவர் எத்தகுதியால் பெறுகிறார் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சடங்கின் அமைப்பு

திருவிழாவின் எட்டாம் நாளன்று ஆறுகால் பீடத்தில் அம்மனுக்கு இராயர் கிரீடமும் வேப்பம்பூ மாலையும் சூட்டப்பெறும். அம்மனுக்குரிய செங்கோலைப் பட்டர் எடுத்து அம்மனின் சார்பாளரிடம் அளிப்பார். அவர் அதனை ஏந்தி வலம் வந்து மீண்டும் அம்மனிடமே ஒப்படைப்பார். திருமலை நாயக்கர் (1623–1659) இவ்வாறு பெற்ற செங்கோலை அரண்மனை அரியணையில் வைத்துப் போற்றிப் பின்னர்த் திருப்பி அளித்தார் என்பர். ஆட்சி அம்மனுடையது, அரசன் அதன் பொறுப்பாளன் என்பதே இதன் உட்பொருள். பாண்டியன் தன் கோல் வளைந்தமை உணர்ந்து உயிர்நீத்ததைச் சிலம்பு பாடிய நகரில், கோலேந்துதல் பொறுப்பேற்றலாகவே கருதப்பட்டது.

சட்டமும் மரபும்

இன்று மன்னனின் இடத்தில் அறங்காவலர் குழுத் தலைவர் அல்லது தக்கார் நிற்கிறார். அவர் 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தின்வழிப் பதவி பெறுபவர். எனவே செங்கோலைத் தருவது மரபு; பெறுபவரை முடிவு செய்வது சட்டம். இவ்விரண்டும் 2024இல் நேருக்கு நேர் நின்றன. கணவரை இழந்த பெண் செங்கோல் பெறலாகாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தொடுக்கப்பெற்ற வழக்கு அவ்வாண்டு ஏப்ரலில் தள்ளுபடியாயிற்று.

செங்கோல் பெறுபவர் பூசனை செய்பவர் அல்லர், பதவியால் பெறுபவர். மன்னனின் இடத்திற்குத் தக்கார் வந்ததை ஏற்ற மரபு, தனிமனிதரை அன்றிப் பதவியையே கருதுகிறது என்பது தெளிவு. அறங்காவலர் குழுவில் பெண் ஒருவர் இடம்பெற வேண்டும் என்று சட்டமே கூறுகையில், அப்பதவியின் கடமையை ஒரு பெண்ணுக்கு மறுப்பது சட்டத்திற்கும் சடங்கின் உட்பொருளுக்கும் பொருந்தாது.

முடிவுரை

நாடாளுமன்றச் செங்கோல் நிறுவப்பட்ட இடத்திலேயே நிலைபெற்றுள்ளது. மதுரைச் செங்கோலோ ஆண்டுதோறும் திரும்புகிறது. செங்கோன்மையை அடுத்துக் கொடுங்கோன்மையை வைத்த வள்ளுவரின் அதிகார வைப்பும், கோல் எவருக்கும் நிபந்தனையின்றி உரியதன்று என்பதையே உணர்த்துகிறது. திருக்கோயிலை நிருவகிக்கும் அரசு அதன் உடைமையாளர் அன்று. கோலை எடுத்தளிக்கும் சமய அதிகாரமும் அதற்கு உரிமையுடையதன்று. பெறுதலைவிடத் திருப்பி அளித்தலே இச்சடங்கின் அரசியல் மெய்யியல் என்பது இவ்வாய்வின் முடிபு.