எலுமிச்சை உப்பு மூட்டையும் அதனுடன் வர வேண்டிய காகிதங்களும்

வெயில் காலம் வந்தால் எலுமிச்சை உப்புக்குக் கிராக்கி கூடிவிடுகிறது. சர்பத் காய்ச்சுகிறவர்கள், ஜாம், ஊறுகாய் தயாரிப்பவர்கள், மிட்டாய்க் கம்பெனிக்காரர்கள் எல்லோருக்கும் இது வேண்டும். பில்லில் சிட்ரிக் ஆசிட் என்று எழுதுகிறோம். நம் சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி சீனச் சரக்கு. "கஸ்டம்ஸ் பார்த்து விட்ட சரக்குதானே அண்ணாச்சி, அதற்கப்புறம் நமக்கு என்ன பொறுப்பு?" என்று உறுப்பினர்கள் பலர் கேட்கிறார்கள். பொறுப்பு இருக்கிறது. அது எங்கிருந்து தொடங்கி நம் கடை வரை எப்படி வருகிறது என்பதை இங்கே எழுதுகிறோம்.

பெயரில் எலுமிச்சை இருந்தாலும் பழத்துக்கும் இதற்கும் இன்று சம்பந்தமில்லை. 1784-இல் ஷீலே என்ற விஞ்ஞானி எலுமிச்சைச் சாற்றிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். 1917-இல் ஜேம்ஸ் கர்ரி என்பவர், ஒருவகைக் கரும்பூஞ்சையைச் சர்க்கரைக் கரைசலில் வளர்த்தால் அதுவே இந்த அமிலத்தைத் தரும் என்று கண்டார். இப்போது உலகம் முழுவதும் அந்த வழிதான்.

இறக்குமதி செய்பவருக்கு ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண் மட்டும் போதாது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மத்திய லைசென்ஸும் வேண்டும். சரக்கு சென்னையிலோ தூத்துக்குடியிலோ இறங்கியதும் கஸ்டம்ஸில் பில் ஆஃப் என்ட்ரி போடுவார்கள். உணவுப் பொருள் என்பதால் அது ஆணைய அதிகாரியின் பார்வைக்குப் போகும். அவர் காகிதங்களைப் பார்ப்பார், மூட்டையின் லேபிளைப் பார்ப்பார், தேவையானால் மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார். ஐந்து நாளில் அறிக்கை தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். எல்லாக் கன்சைன்மென்டிலும் மாதிரி எடுப்பதில்லை. ஆபத்தைக் கணக்கிட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் ஆட்சேபணை இல்லை என்று சான்று தந்த பிறகே சரக்கு வெளியே வரும்.

லேபிளில் இறக்குமதியாளர் பெயர், விலாசம், லைசென்ஸ் எண் இல்லையென்றால் ஸ்டிக்கர் ஒட்டிச் சரிசெய்ய விதியில் இடம் உண்டு. பேட்ச் எண்ணோ தயாரித்த தேதியோ இல்லாமல் வந்தால் ஒட்டுவேலை செல்லாது. ஆயுட்காலமும் கணக்கில் வரும். 60 சதவீதம் அல்லது மூன்று மாதம், இவற்றில் எது குறைவோ அந்த அளவாவது மீதமிருக்க வேண்டும்.

இப்போது நம் கடைக்கு வருவோம். இதே சிட்ரிக் ஆசிட் பாத்திரம் கழுவும் பவுடருக்கும் பாய்லர் சுத்தம் செய்யவும் போகிறது. அது தொழிற்சாலைத் தரம். கெமிக்கல் கடைகளில் கிடைக்கும், விலையும் மலிவாகப் படியும். கண்ணால் பார்த்தோ நாக்கில் வைத்தோ இரண்டையும் பிரித்தறிய முடியாது. உணவுத் தரத்தில் ஈயம் கிலோவுக்கு அரை மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது சர்வதேச நிபுணர் குழுவின் அளவு. தொழிற்சாலைச் சரக்குக்கு அந்தக் கவலை கிடையாது. துருவை எடுக்கும் ஆக்ஸாலிக் ஆசிடும் பார்வைக்கு இதைப் போலவே வெள்ளைப் படிகம்தான். அது விஷம். இரண்டையும் பெயர் எழுதாத பாலிதீன் பொட்டலத்தில் கட்டி ஒரே அலமாரியில் வைக்கிற கடையை நினைத்தாலே நமக்கு வயிறு கலங்குகிறது.

விலை பேசும்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீர் நீக்கிய ரகம், நீர் உள்ள ரகம் என்று இரண்டு உண்டு. பின்னதில் நூற்றுக்கு எட்டரைப் பங்குக்குச் சற்று அதிகமாகத் தண்ணீரே இருக்கிறது. நீர் நீக்கியது 100 கிலோ தரும் புளிப்பை, நீர் உள்ளது 109 கிலோ சொச்சம் போட்டால்தான் பெறலாம். கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைவு என்று சந்தோஷப்படுவதற்கு முன் எந்த ரகம் என்று மூட்டையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

சட்டத்தின் 26-ஆவது பிரிவுப்படி, நமக்கு விற்பவர் எழுத்தில் உத்தரவாதம் தர வேண்டும். தனிப் படிவம் இல்லாவிட்டாலும் பில்லே உத்தரவாதமாகக் கொள்ளப்படும். அதனால்தான் பில் இல்லாத சரக்கு வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொள்கிறோம். யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத சரக்குக்கு 27-ஆவது பிரிவு விற்றவரையே பொறுப்பாக்குகிறது. உரிய சோதனைகளைச் செய்து, வாங்கிய நிலையிலேயே விற்றோம் என்று நிரூபித்தால் 80-ஆவது பிரிவில் தற்காப்பு கேட்கலாம். 25 கிலோ மூட்டையைப் பிரித்து நாமே பொட்டலம் கட்டினால், வாங்கிய நிலையில் விற்றதாக எப்படிச் சொல்வது? பிரித்துக் கட்டுவது ரீபேக்கிங் என்ற தனித் தொழில். அதற்கு லைசென்ஸில் இடம் வேண்டும், நம் பெயரில் லேபிள் வேண்டும். தவறான லேபிளுக்கு மூன்று லட்ச ரூபாய் வரை அபராதம் உண்டு.

பொருள் மாறினால் என்ன ஆகும் என்பதை 2024 பிப்ரவரியில் எல்லோரும் பார்த்தோம். பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் இருப்பது ஆய்வில் தெரிந்து, தமிழக அரசு அதன் விற்பனைக்கே தடை போட்டது. மிட்டாய் விற்றவர்கள்தான் தெருவில் நின்றார்கள். அந்தச் சாயப் பொட்டலம் எந்தக் கடையில் கைமாறியதோ, அந்தக் கடை பத்திரிகையில் வரவில்லை.

ஆகவே மூட்டை இறங்கும்போதே ஐ.என்.எஸ். 330 என்ற எண், உணவுக்கானது என்ற வாசகம், பேட்ச் எண், தேதி, இறக்குமதியாளரின் லைசென்ஸ் எண் ஆகியவற்றைப் பில்லோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பேட்சுக்கான பகுப்பாய்வுச் சான்றின் நகலைக் கேட்டால் ஒழுங்கான மொத்த வியாபாரி மறுக்க மாட்டார். ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரத்தைக் குடித்துக் கட்டி தட்டும். மரப்பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்கி வைக்கலாம். காலிச் சாக்கை வியாபாரிக்குப் போடும் முன் லேபிளைக் கிழித்து எடுத்துவிட வேண்டும். உணவுத் தரம் என்று அச்சிட்ட பழைய சாக்குக்குத் தனி விலை தருகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் எதை நிரப்பி மறுபடி நம் கடைக்கே கொண்டுவருவார்கள் என்று சொல்ல முடியாது.