இணையத் தொலைபேசியும் ஊர் எண்ணும்

தொலைபேசி எண்ணானது ஓர் இல்லத்தின் இருப்பிடத்தைக் காட்டும் அடையாளமாகவே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. வட அமெரிக்காவில் 1947ஆம் ஆண்டு வகுக்கப்பெற்ற எண் முறைமை இதற்குத் தக்க சான்றாகும். அம்முறைப்படி அமெரிக்க ஐக்கிய நாடுகளும் கனடாவும் 86 பகுதிகளாகப் பிரிக்கப்பெற்று, ஒவ்வொன்றுக்கும் மூவிலக்கக் குறியீடு அளிக்கப்பட்டது. சுழல்வட்டக் கருவியில் சிறிய இலக்கங்கள் விரைவிற் சுழன்று முடியுமாதலின், மக்கள் மிகுந்த நியூயார்க்கு நகருக்கு 212 என்றும், சிக்காகோவுக்கு 312 என்றும் எண்கள் வாய்த்தன. அடுத்த மூன்று இலக்கங்கள் இணைப்பு நிலையத்தையும், இறுதி நான்கும் சந்தாதாரரின் கம்பியையும் குறித்தன. ஆகவே எண்ணைக் கண்ட மாத்திரத்தில் ஊர் இன்னதென்று உணரலாயிற்று.

இணைய வழித் தொலைபேசி இவ்வியல்பை மாற்றிவிட்டது. அஃது எங்ஙனமென ஆராய்வாம். பெருவழக்கான முறையில், பேசுவோரின் குரல் விநாடிக்கு 8,000 முறை அளக்கப்பெற்று எண்களாக மாறுகின்றது. அவ்வெண்கள் சிறு பொதிகளாகி, பெரும்பாலும் விநாடிக்கு ஐம்பது வீதம், இணையத்திற் சென்று மறுமுனையில் மீண்டும் ஒலியாகின்றன. வீட்டிலுள்ள பழைய தொலைபேசியை ஒரு சிறு இணைப்புப் பெட்டியிற் பொருத்தினாற் போதும். அப்பெட்டி தன் இணைய முகவரியை நிறுவனத்தின் கணினிக்கு அவ்வப்போது அறிவித்துக்கொண்டிருக்கும். நம் எண்ணுக்கு வரும் அழைப்பு முதலில் அந்நிறுவனத்தின் வாயிலை அடைந்து, அங்கிருந்து பெட்டியைத் தேடி வரும். இதனால் எண் கம்பியினின்று விடுபட்டுப் பெட்டியோடு செல்வதாயிற்று. சிக்காகோவில் வாழும் மகன் நியூயார்க்கு எண்ணொன்றைப் பெற்றுக்கொள்வானாயின், அந்நகரிலுள்ள பெற்றோர் அவனை உள்ளூர் அழைப்பாகவே அழைக்கலாம்.

பழைய எண்ணை இழக்க விரும்பாதார்க்கும் வழியுண்டு. எண்ணை வேறு நிறுவனத்திற்குக் கொண்டுசெல்லும் உரிமையை 1996ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாட்டில் வழங்கிற்று. 2007இல் அவ்வுரிமை இணையத் தொலைபேசிக்கும் விரிக்கப்பெற்றது. ஆனால் மாற்றம் நிறைவேறுமுன் பழைய இணைப்பைத் துண்டித்தல் கூடாது. துண்டித்தால் எண் கைநழுவிப் போதல் கூடும்.

இச்சௌகரியத்துடன் ஓர் அபாயமும் உண்டு. அந்நாட்டார் ஆபத்துக் காலத்தில் அழைக்கும் 911 என்னும் எண், 1968இல் அலபாமா மாநிலத்து ஹேலிவில் என்னும் ஊரில் முதன்முதல் வழக்கிற்கு வந்தது. கம்பி இணைப்பில் அழைப்பவரின் முகவரி அக்கம்பியைக்கொண்டே அறியப்படும். இணையத் தொலைபேசியிலோ எண் ஓரூரதாகவும் மனிதர் வேறூரினராகவும் இருத்தல் இயலும். ஆதலால், சந்தாதாரர் பதிவு செய்த முகவரியை ஆபத்துதவி நிலையத்திற்கு அனுப்புதல் வேண்டுமென 2005இல் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் கட்டளையிட்டது. வீடு மாறியவர் அப்பதிவை மாற்றாதிருந்தால், உதவிக்கு வருவோர் பழைய வீட்டின் கதவைத் தட்டுவர். மேலும், செப்புக் கம்பிக்கு மின்சாரம் நிலையத்திலிருந்தே வந்தது. புதிய பெட்டியோ, மின்கலத் துணையில்லையேல், வீட்டு மின்சாரம் நின்றவுடன் ஊமையாகிவிடும்.

ஆகவே இணையத் தொலைபேசி பெறுவோர், விரும்பிய எண்ணைத் தேர்ந்துகொள்வதோடு அமையாமல், தம் மெய்யான முகவரியைப் பதிவு செய்தலும், மின்கலம் ஒன்றை வைத்திருத்தலும், இவற்றை வீட்டார் அனைவருக்கும் அறிவித்தலும் தம் கடமையெனக் கொள்வாராக.