பாட்டன் பூட்டனைப் பதிவேட்டில் தேட...

மைசூரில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கும் சில குறிப்புகள்:

1. முதலில் வீட்டுப் பெட்டியைக் கிளறுங்கள். ஜெபப் புத்தகத்தின் முதல் பக்கம், கல்யாணப் பத்திரிகை, பள்ளி டி.சி., கல்லறைக் கல் ஆகியவற்றிலிருந்து பெயர், ஆண்டு, பங்கு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. பங்கு அலுவலகத்தில் விவரத்தை எழுதிக் கொடுங்கள். பிறந்த ஆண்டு நிச்சயமில்லை என்றால் முன்னும் பின்னும் ஐந்தாண்டு சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஞாயிறு பூசை நேரத்தில் போகாதீர்கள்.

3. கட்டடத்தின் வயது வேறு, பங்கின் வயது வேறு. புனித பிலோமினா பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டியது 1933-இல். அங்கே 1843-லேயே ஒரு கோயில் எழும்பிவிட்டது. உங்கள் பங்கு புதியதானால், எந்தத் தாய்ப்பங்கிலிருந்து பிரிந்தது என்று கேளுங்கள்.

4. கோலார் தங்கவயலிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வந்த குடும்பமா? 1940-இல்தான் பெங்களூரு மறைமாவட்டம் மைசூரிலிருந்து பிரிந்தது. பழைய சான்றில் 'மைசூர் மறைமாவட்டம்' என்று இருந்தால், மைசூர் நகரம் என்று முடிவுகட்டாதீர்கள்.

5. பிரெஞ்சு மிஷனரிகள் காலத்துப் பதிவுகள் லத்தீனில் இருக்கலாம். சூசையை யோசேப்புஸ் என்றும், இராயப்பனைப் பெத்ருஸ் என்றும், சின்னப்பனைப் பவுலுஸ் என்றும், அருளப்பனை யோவான்னஸ் என்றும் தேடுங்கள்.

6. ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர்களை விடாதீர்கள். பெரும்பாலும் மாமா, அத்தை, சித்தப்பாவாக இருப்பார்கள். அறுந்த கிளை அங்கே ஒட்டிக்கொள்ளும்.

7. பக்கத்தின் ஓரத்தையும் பாருங்கள். 1908 முதல் கத்தோலிக்கத் திருமணத்தை ஞானஸ்நானப் பதிவிலேயே குறிக்க வேண்டும் என்பது திருச்சபை விதி. எந்த ஊரில் யாரைக் கட்டினார் என்பது அங்கே கிடைக்கும்.

8. ஞானஸ்நானத் தேதியைப் பிறந்த தேதியாக எழுதிவிடாதீர்கள். இரண்டுக்கும் இடையே நாள்கணக்கோ மாதக்கணக்கோ இருக்கலாம்.

9. பிறப்பு, இறப்புச் சான்றுக்கு, நகரத்தில் நடந்ததானால் மாநகராட்சிப் பதிவாளரை அணுகுங்கள். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, கட்டணம் கட்டிப் பதிவைத் தேடச் சொல்லலாம். பதிவு இருந்தால் சான்றிதழும் வாங்கலாம்.

10. முன்னோர் ஐரிஷ் படைவீரர் என்ற பேச்சு வீட்டில் உண்டா? லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களில், சென்னை மாகாணத் தேவாலயப் பதிவுகளைத் தேடுங்கள். திருமணப் பதிவில் தகப்பன் பெயர் கிடைத்தால், அடுத்து அந்தக் குடும்பம் அயர்லாந்தில் எந்தப் பங்கு என்று கண்டுபிடியுங்கள்.

11. அயர்லாந்தில் எல்லாருடைய பிறப்பையும் அரசு பதிவு செய்யத் தொடங்கியது 1864-இல். அதற்கு முந்தியவருக்குக் கோயில் பதிவேடே துணை. 1922-இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கு பெரும்பாலும் போயிற்று. கத்தோலிக்கப் பதிவேடுகள் பங்குகளிலேயே இருந்ததால் தப்பின. சுமார் 1880 வரையிலான பக்கங்களை அயர்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

12. கிடைத்த ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் பங்கு, ஆண்டு, பதிவு எண் மூன்றையும் எழுதிவையுங்கள். அடுத்த தலைமுறை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்காது.